பீங்கான் சக்கரமா, எஃகுச் சக்கரமா?

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துக் கார்ப் பட்டறைகளில் 'ஹாப்-கட்' என்னும் சொல் நெடுநாளாக வழங்கி வருகிறது. ஜப்பானில் ஓடிய பழைய கார்களின் முற்பகுதியை எஞ்சினோடு அறுத்தெடுத்து இங்கே கொணர்ந்து விற்பர், அதற்கே இப்பெயர். அவ்வாறு வரும் டர்போ எஞ்சினை வாங்குவோர் முன் ஒரு கேள்வி நிற்கும்: டர்போவினுள் இருப்பது 'செராமிக்' சக்கரமா, 'ஸ்டீல்' சக்கரமா? இதனை அறியாது பணங் கொடுத்தவர் பின்னர் எஞ்சினையே இழக்கவும் கூடும்.

டர்போவின் அடிப்படையைச் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை செய்தார். எஞ்சின் கழிக்கும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள அலுமினியச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும்; ஆற்றல் பெருகும். புகைப் பக்கத்துச் சக்கரம் நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலும். பெட்ரோல் எஞ்சினில் அதனைத் தாக்கும் வெப்பம் 900 டிகிரி செல்சியசை எட்டும்.

இவ்விரு பெயர்களும் மயக்கந் தருவன. இங்கே செராமிக் என்பது தேநீர்க் கோப்பையின் பீங்கான் அன்று. சிலிக்கனும் நைட்ரஜனும் கூடிய சிலிக்கன் நைட்ரைடு. ஸ்டீல் என்பதும் பெரும்பாலும் எஃகன்று. நிக்கல் மிகுந்த உலோகக் கலவை. முன்னது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.2 கிராம், பின்னது ஏறத்தாழ 8 கிராம்.

எடை குறைந்த சக்கரம் விரைவில் வேகம் பிடிக்கும். பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நின்று நின்று செல்லும் காருக்கு இது பெரும் பயன். மிதியை அழுத்திய பின் ஆற்றல் வருவதற்குள் உண்டாகும் தாமதம் குறைகிறது. முதல் புரோட்டோன் சாகா மலேசியாவில் வெளிவந்த அதே 1985ஆம் ஆண்டில், ஜப்பானில் நிசான் நிறுவனம் செராமிக் சக்கரத்தைத் தன் காரில் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது.

செராமிக் வெப்பந் தாங்காது என்பர் சிலர், அது சரியன்று. கடும் வெப்பத்திலும் அது வலிமை குன்றாது. அதன் குறை வேறு. உலோகம் வளையும், நீளும். செராமிக்கோ முன்னறிவிப்பின்றி உடையும். எஞ்சினிலிருந்து வரும் சிறு கரித்துண்டு பட்டாலும் இதழ் சிதறலாம். மேலும், சூட்டில் எஃகுத் தண்டு செராமிக்கைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும்; ஆகவே இரண்டும் கூடும் பொருத்து எப்போதும் இழுவிசைக்கு உட்பட்டது. சக்கரம் உடைந்தால் தண்டு சமன் இழந்து ஆடும். அலுமினியச் சக்கரம் கூட்டில் உரசிச் சிதறும். அத்துகள்கள் காற்றோடு எஞ்சினுக்குள் புகும்.

இக்குறையைத் தயாரிப்பாளரும் அறிந்திருந்தனர். நிசான் 1989இல் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.ஆர் காரில் செராமிக் சக்கரங்கள் இருந்தன. பந்தயத்திற்கென அமைந்த அதன் 'என்-1' வகையில் உலோகச் சக்கரங்களே இடம்பெற்றன. டொயோட்டாவும் 1993ஆம் ஆண்டுச் சுப்ராவில் உள்நாட்டிற்குச் செராமிக்கும் வெளிநாட்டிற்கு உலோகமும் வைத்தது. மிட்சுபிஷி பின்னர் டைட்டேனியமும் அலுமினியமும் கலந்த இலேசான உலோகத்தை நாடியது.

ஆகவே எது சிறந்தது என்னும் வினாவைவிட, எதற்கு என்னும் வினாவே முந்தியது. எஞ்சினைத் தயாரிப்பாளர் வகுத்த காற்றழுத்தத்திலேயே ஓட்டுவோர்க்கு, நலமாக உள்ள செராமிக் சக்கரம் போதும். அழுத்தத்தைக் கூட்ட விரும்புவோரும், கூட்டரசு நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரைந்தோட்டுவோரும் உலோகச் சக்கரத்தையே கொள்ளுதல் வேண்டும். ஹாப்-கட் எஞ்சின் முன்பு எவ்வாறு ஓட்டப்பட்டது என்பதை விற்பவரும் அறியார். எனவே டர்போவைக் கழற்றி இதழ்களையும் தண்டின் ஆட்டத்தையும் பார்த்த பின்னரே விலை பேசுதல் அறிவுடைமை. தாமதமாகச் சுழலும் சக்கரம் ஒரு நொடியைத்தான் இழக்கச் செய்யும். உடைந்த சக்கரம் சேமிப்பையே கரைத்துவிடும்.