அருமண் மூலகங்களும் இலேசர் நிறமாலையும்

அருமண் மூலகங்கள் என்னும் பெயரிலுள்ள அருமை அவற்றின் அளவைக் குறிப்பதன்று. சீரியம் புவியோட்டிலே ஏறத்தாழச் செம்பின் அளவிற்குக் காணப்படுகின்றது. அரியது, இம்மூலகங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிதலேயாம். சுவீடன் நாட்டு இற்றேபி என்னும் சிற்றூரிற் கிடைத்த கரிய கனிப்பொருளொன்றை ஆராய்ந்து, 1794 ஆம் ஆண்டிற் கடோலின் என்பார் புதியதொரு 'மண்'ணைக் கண்டார். ஒட்சைட்டுகள் சிலவற்றை மண் என வழங்குதல் அக்கால மரபு. 1841 இல் மொசாந்தர் தாம் கண்டது தனிமூலகம் எனத் துணிந்து, இலாந்தனத்தின் இரட்டை என்னும் பொருள்படத் திதிமியம் எனப் பெயரிட்டார். 1885 இல் அவுவர் வொன் வெல்சுபாக்கு அதனையே பிரசியோடிமியம், நியோடிமியம் என இரண்டாகப் பிரித்தனர். இரட்டை என்ற பெயர், இட்டவர் எண்ணாத வகையிற் பொருந்திவிட்டது!

இம்மயக்கத்திற்குக் காரணம் அணுவின் அமைப்பேயாகும். இம்மூலகங்களின் வேற்றுமை பெரும்பாலும் அணுவின் உள்ளிடத்து 4f இலத்திரன்களில் அடங்கியுள்ளது. இரசாயனத் தாக்கங்களில் ஈடுபடும் வெளியிலத்திரன்களோ ஏறக்குறைய ஒரே தன்மையன. எனவே அமிலமும் காரமும் காணாத வேற்றுமையை ஒளி காண்கின்றது.

1960 இல் மெய்மன் முதலாவது இலேசரை இயக்கினார். அவ்வொளியைப் பாறைத் துண்டொன்றின்மீது சில நனோசெக்கன் அளவே குவித்தாற் போதும்; கண்ணுக்குப் புலப்படாச் சிறு பகுதி ஆவியாகி, பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள பிளாசுமாவாகின்றது. தொடக்கத்தில் அது வீசும் வெள்ளொளியால் யாதும் விளங்காது. ஒரு மைக்குரோசெக்கன் அளவு தாழ்த்துப் பதிவு செய்யின், ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய அலைநீளங்களிற் கோடுகளைக் காட்டும். மாதிரியை அமிலத்திற் கரைக்கும் நெடும்பணி இங்கில்லை. இவ்வாய்வுக்குப் பெரிதும் பயன்படும் இலேசரின் உயிர்நிலை, இத்திரியமும் அலுமினியமும் சேர்ந்த பளிங்கினுட் கலந்த நியோடிமியமே என்பது சுவையான செய்தி. அருமண்ணைத் தேடுவதற்கு அருமண்ணே கருவியாயிற்று.

ஆயினும் இம்முறையை எளிதென்று கொள்ளுதல் தவறு. 4f இலத்திரன்கள் எண்ணிறந்த சத்திநிலைகளைத் தருதலால், அருமண் மூலகமொன்றின் கோடுகள் ஆயிரக்கணக்கின. பாறைகளில் மிகுந்துள்ள இரும்பின் கோடுகளும் அவற்றுடன் நெருங்கிப் பிணைகின்றன. ஒரு கோட்டை மட்டும் நம்பி ஒரு மூலகம் உண்டென்பது, முகம் பாராது குரலை மட்டும் கேட்டு ஆளைத் துணிதல் போலும். பல கோடுகள் ஒருங்கே தோன்றல் வேண்டும். அளவைக் கணித்தலோ இன்னும் கடினம். ஒரே செறிவுள்ள மூலகம், அதனைத் தாங்கும் பாறை வேறாயின் வேறு ஒளிச்செறிவைத் தரும். ஆதலின் ஒத்த இயல்புடைய நியமமாதிரிகளுடன் ஒப்பிடல் இன்றியமையாதது.

மற்றொரு வழி புளோரொளிர்வாகும். இதிற் பாறை சிதைவதில்லை. தக்க அலைநீளமுள்ள இலேசரொளியைப் பளிங்கினுள்ளிருக்கும் அருமண் அயன் உறிஞ்சி, வேறோர் அலைநீளத்தில் உமிழ்கின்றது. 4f இலத்திரன்களை வெளியோடுகள் மறைத்துக் காத்தலால், திண்மத்தினுள்ளும் அக்கோடுகள் கூர்மை குன்றுவதில்லை. ஐரோப்பியத்தின் செவ்வொளி இதற்குத் தக்க சான்று.

ஈழத்தின் கீழைக்கரையிலே புல்மோட்டை மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் ஆகியவற்றோடு மொனசைற்றும் உளது. சீரியம், இலாந்தனம், நியோடிமியம் முதலியவற்றின் பொசுபேற்றாகிய மொனசைற்று தோரியத்தையும் உடன்கொண்டிருத்தலின், அதனைக் கையாளுதற்குக் கதிர்த்தொழிற்பாடு பற்றிய காவலும் வேண்டும். இத்தகைய மணலை மொத்தமாகக் கரைத்தாற் பல கனிப்பொருள்களும் கலந்துவிடும். குவிந்த இலேசர்க் கற்றையோ மணியொன்றைத் தனியே தொட்டு, அருமண் எம்மணியில் உறைகின்றதென்பதைக் காட்டவல்லது.