பக்கவாதம்: ஆஸ்பத்திரியில் நாம் கேட்க வேண்டியவை

திடீரென வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் போவது, பேச்சு குழறுவது – இம்மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கவாதமா என்று சந்தேகிக்க வேண்டும். கை காலைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

எந்த ஆஸ்பத்திரி? பெயரைப் பார்ப்பதைவிட, இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்களா, நரம்பியல் டாக்டர் வருவாரா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ரத்தக்குழாயில் அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அதற்கு முன் ஆஸ்பிரின் தருவது ஆபத்து. அடைப்பு என்றால், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊசியோடு வைத்தியம் முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியாயிற்று. முதல் மூன்று நாட்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகியவற்றை நர்ஸுகள் முறைப்படி கவனித்த இடங்களில், 90 நாட்களுக்குப் பின் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ இயலாதவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 42 பேர். மற்ற இடங்களில் 58 பேர். பெரிய இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எனவே, "விழுங்கும் சோதனை ஆயிற்றா?" என்று கேளுங்கள். அதுவரை காபி, கஞ்சி, தண்ணீர் எதுவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊரிலிருந்து வந்த பெரியவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டர் ஹிந்தியில், "கையைத் தூக்குங்கள்" என்கிறார். பெரியவர் விழிக்கிறார். மொழி தெரியாததாலா, நோயினாலா? டாக்டரால் கண்டுபிடிக்க இயலாது. பேச்சும் புரிதலும் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளன என்பது சிகிச்சை முடிவையே மாற்றக்கூடும். எனவே இரு மொழியும் தெரிந்த ஒருவர் பரிசோதனையின்போது அருகில் நிற்க அனுமதி கேளுங்கள். கேள்வியை அப்படியே தமிழில் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வார்த்தை குழறினால், மாறி வந்தால், அதையும் சொல்லுங்கள்.

பின்னர் பேச்சுப் பயிற்சியும் தமிழில்தான் நடக்க வேண்டும். பயிற்சியாளரிடம் முறையைக் கற்று, வீட்டில் தினமும் செய்யுங்கள்.

இரவில் அழைத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து மொழிபெயர்க்கக்கூடிய அன்பர்களின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும் இருந்தால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.