பவளத் தொட்டியின் கொல்லைப்புறம்

கண்ணாடிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவர்கள் கண்ணில் படுவது ஆரஞ்சுக் கோமாளி மீனும் நீல வெளிச்சமும்தான். பெரிய உப்புநீர்த் தொட்டியின் அத்தனை ரகளையும் பின்பக்கம் அல்லவா நடக்கிறது! பம்பு இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். காலடியில் எப்போதும் ஈரம், நடந்தால் குழாய் தடுக்கும், குனிந்தால் வாளி இடிக்கும். மூலையில் ஒரு பிளாஸ்டிக் கோபுரம் நுரை தள்ளிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்கிம்மர். அதன் உச்சிக் கோப்பையில் சேரும் பழுப்புக் குழம்பை ஒருமுறை முகர்ந்தால் மதியச் சாப்பாடு இறங்காது. தொட்டிக்காரருக்கோ அதைக் கண்டால்தான் முகம் மலரும். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியா ஆவதற்குள் நுரையோடு வெளியே வந்துவிட்டதே!

பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு ஏறப் போகிறவர்கள் அப்படியே கொஞ்சம் வடக்கே பரங்கிப்பேட்டைப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். வெள்ளாறு கடலில் கலக்கும் அந்த ஊரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1963இல் உயராய்வு மையம் என்ற தகுதியைப் பெற்றது; அதன் முதல் இயக்குநர் ஆர்.வி. சேஷையா. வேடிக்கை என்னவென்றால், இது பவளமே வளராத கரை. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும், மாறாத உப்பு வேண்டும். இங்கேயோ வெள்ளாறும் கொள்ளிடமும் சேறும் நன்னீருமாகக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கோடையில் கடலுக்குச் சமமாகக் கரிக்கும் கழிமுகம் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கிட்டத்தட்டக் குடிநீர் ஆகிவிடும். பவளப் பாறையின் செல்லப்பிள்ளையான கோமாளி மீனை இந்தத் தண்ணீரிலா வளர்ப்பது? வளர்த்தார்கள்! இந்த மையத்தின் ஆய்வாளர்கள் வெள்ளாற்றுக் கழிமுக நீரைக் கொண்டே கோமாளி மீன்களை முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்துக் காட்டினார்கள்.

கழிமுகத்தில் தண்ணீர் பிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உப்புநீர் கனமானது, அடியில் தங்கும்; நன்னீர் மேலே மிதந்து ஓடும். எனவே கடல் ஏறி நிற்கும் நேரம் பார்த்து, அடியிலிருந்து உறிஞ்சினால் நல்ல கரிப்பு கிடைக்கும். பிறகு வண்டல் படிய விட்டு, மணலில் வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமி கொன்று, அந்தக் குளோரின் போகும்வரை காற்றூதி... அப்பாடா, அதன்பிறகுதான் மீன்.

சரி, எல்லாம் செய்தும் தொட்டி சுணங்குகிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, பவளம் வெளிறுகிறது, கண்ணாடியில் பாசி. கைதேர்ந்தவர் முதலில் மூக்கைத்தான் நம்புவார். நல்ல தொட்டியில் கடற்கரை வாசம் வரும். அழுகல் நாற்றம் என்றால் எங்கோ ஏதோ செத்துக் கிடக்கிறது, கல்லைப் புரட்ட வேண்டியதுதான். அடுத்தது, உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அளவு தெரியும். லிட்டருக்கு 35 கிராம்தான் கடலின் கணக்கு. இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கடல்நீரை ஊற்றிவிடுகிறார்கள். ஆவியானது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே கிடக்கிறது. அந்தக் குறைக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும்.

மூன்றாவது சந்தேகம் எப்போதும் அமோனியா மேல். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவுகூடக் கடல்நீரில் கொல்லும், ஏனென்றால் கடல்நீரின் காரத்தன்மை அதிகம். காரம் ஏற ஏற அமோனியா நஞ்சாகிறது. அதைத் தின்று தீர்ப்பவை கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். பழைய தொட்டியில் நீண்ட பவர் கட் வந்து பம்பு நின்றால், ஆக்சிஜன் இல்லாமல் அவையே செத்து, தாமும் அமோனியா ஆகிவிடும். அதனால்தான் எந்தக் கொல்லைப்புறத்திலும் ஜெனரேட்டருக்குத் தனி மரியாதை! இன்னொரு வில்லன், மருந்து. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்று செம்பு கலந்த மருந்தை முக்கியத் தொட்டியிலேயே ஊற்றினால், மீன் பிழைக்கும், இறாலும் பவளமும் கடல் சாமந்தியும் ஒழியும்.

மின்சாரமே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? 1846இல் ஆனா தைன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி கடலோர ஊரிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஏர் பம்பு ஏது? வீட்டுப் பணிப்பெண் தினமும் திறந்த ஜன்னலருகே நின்று, டீ ஆற்றுவதுபோல் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். உலகின் முதல் ஏரேட்டர் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் நான் பட்டம் கொடுப்பேன். நம் மெரினாவிலும் 1909இல் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப்போர் அதை மூடவைத்தது.

கொல்லைப்புறத்தில் என்னைக் குதிக்க வைத்த சங்கதி சுண்ணாம்பு. ஆமாம், வெற்றிலைக்குத் தடவுகிற அதே வகைச் சரக்கு! பவளம் எலும்பு கட்டக் கால்சியம் வேண்டும். தூய சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், அதுவும் இரவில். இரவில் ஒளிச்சேர்க்கை நின்று தொட்டியின் காரம் இறங்கும். சுண்ணாம்பு நீர் அதைத் தூக்கி நிறுத்தும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் தண்ணீரே பால்போல் வெளுத்துவிடும்.

மீன்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிக்காரர்களுக்கும் ராத்திரிதான் திருவிழா. கோமாளி மீன் ஓட்டிலோ மண்சட்டியிலோ சில நூறு முட்டைகளை ஒட்டவைக்கும். காவல் பெரும்பாலும் அப்பா மீனுடையது. துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு நாளில் முட்டைக்குள் வெள்ளியாகக் கண்கள் மின்னினால் அன்றிரவு பொரிப்பு! விளக்கை அணைத்த சிறிது நேரத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத குஞ்சுகள் வெளியேறும். அவற்றின் வாய்க்குள் போகிற அளவில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், ரோட்டிஃபருக்குத் தீனியாகப் பச்சைப்பாசி நீர், சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால். மீனை வளர்ப்பதைவிட மீன் தின்பதை வளர்க்கத்தான் அதிகத் தொட்டி. பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே போகும். தப்பியவற்றுக்கு இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை தெரியும்போது, சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றும்.

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசை பிறந்துவிட்டதா? அப்படியானால் முதலில் ஒரு எச்சரிக்கை: கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. செத்துக் காய்ந்த கிளையை விற்றாலும் குற்றம். அதைத் தொடாதீர்கள். கோமாளி மீன் வாங்கும்போது மட்டும், ஹேச்சரியில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஹேச்சரி மீனையே வாங்குங்கள்.