பழைய காருக்கு எந்தச் சக்கரம்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

செருப்பு வாங்கும்போது காலில் போட்டு நடந்து பார்த்து வாங்குகிறோம். காருக்கு டயர் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். புதிய காருக்கு இதனால் தொல்லை அதிகம் இல்லை. அதற்குரிய டயர் எங்கும் கிடைக்கும். பழைய கார்களின் நிலை வேறு. 1983-இல் வெளிவந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 சனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. வண்டிகளோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உரிய டயர் கிடைக்காதபோது ஏறக்குறைய அதே அளவில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா? இக்கேள்விக்கு நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே விடை தரும்.

முதலில் டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்போம். மாருதி 800-க்கு உரிய அளவு 145/70 ஆர் 12. இதில் 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ‘ஆர்’ என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே முழுச் சக்கரத்தின் விட்டத்தை நாமே கணக்கிடலாம்.

ரிம்: 12 × 25.4 = 304.8 மி.மீ.
பக்கச் சுவர்கள்: 2 × 145 × 0.70 = 203 மி.மீ.
முழு விட்டம்: 507.8 மி.மீ.

என் சித்தப்பா பழைய மாருதி 800 ஒன்றில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சந்தை செல்பவர். டயர் மாற்ற வேண்டிய வேளையில் ஆல்டோவுக்குரிய 145/80 ஆர் 12 டயர்கள் நான்கு அவருக்கு மலிவாக வந்தன. “அதுவும் பன்னிரண்டு, இதுவும் பன்னிரண்டு. அகலமும் ஒண்ணுதான். ரிம்முல உட்காருது. அப்புறம் என்னடா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நடுவில் உள்ள எண்ணை மட்டும் மாற்றிக் கணக்கிட்டேன். விட்டம் 536.8 மி.மீ. வந்தது, அதாவது 5.7 விழுக்காடு அதிகம். முழு விட்டம் பழைய அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது என்பது தொழிலில் உள்ளோர் பொதுவாகக் கைக்கொள்ளும் வரம்பு.

இதனால் என்ன கெடும்? ஸ்பீடாமீட்டர் சக்கரத்தின் சுழற்சியைத்தான் அறியும். அதன் விட்டத்தை அறியாது. முள் 60-இல் நிற்கும்போது வண்டி 63-ஐத் தாண்டியிருக்கும். அடுத்தது திருப்புவிசை. அது மாறாதிருக்க ஆரம் கூடினால், தரையில் கிடைக்கும் விசை குறையும். இங்கே குறைவு 5.4 விழுக்காடு. 796 கன செ.மீ. எஞ்சின் மூட்டைகளோடு மேடு ஏறும்போது இக்குறைவு தெரியும். பிரேக்குக்கும் இதே கணக்குதான். அதே அழுத்தத்துக்குப் பிடிப்பு குறையும். மேலும் ஆரம் 14.5 மி.மீ. கூடுவதால், பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போதோ ஸ்டீயரிங்கை முழுதும் ஒடிக்கும்போதோ டயர் மட்கார்டில் உரசக்கூடும். பிரேக்கைப் பற்றிச் சொன்னதும் சித்தப்பா மேலே எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் காத்திருந்து 145/70 டயரையே வாங்கினார்.

அழகுக்காக 13 அங்குல ரிம் மாட்டுவோரும் உண்டு. அப்போது ரிம் கூடிய அளவுக்குப் பக்கச் சுவர் குறைய வேண்டும். 155/65 ஆர் 13 டயரின் விட்டம் 531.7 மி.மீ.; இதுவும் 4.7 விழுக்காடு மிகை.

ரிம்மை மாற்றுவோர் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் பி.சி.டி. எனப்படும். பியட் கார்கள் பலவற்றில் இது 98 மி.மீ.; வேறு பல கார்களில் 100 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நட்டை முறுக்கி ஏற்றினால், அது தன் இடத்தில் சரியாக அமராது, ஓட்டத்தில் தளரும். அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. அது மாறினால் சக்கரம் வெளியே துருத்தும். அல்லது உள்ளே உரசும். பேரிங்கின் மேல் விழும் சுமையும் மாறும்.

அம்பாசடர் போன்ற வண்டிகளின் பழைய டயர்களில் 5.90–15 என்று இருக்கும். இரண்டும் அங்குலமே: முதலாவது அகலம், அடுத்தது ரிம். நடு விழுக்காடு எழுதப்படுவதில்லை. ஆகவே ரேடியலுக்கு மாறுவோர், பழைய டயரின் முழு விட்டத்தை அளந்து ஒப்பிடுவதே நல்லது. ஒரே அச்சில் பழைய கிராஸ் பிளை டயரையும் ரேடியலையும் கலந்து போடவே கூடாது. பழைய ரிம் ட்யூப்லெஸ் டயருக்கென்று செய்யப்படாததாயின் ட்யூப் இட்டே ஓட்ட வேண்டும்.

அளவை அடுத்து வரும் 69 எஸ் போன்ற குறியையும் விட்டுவிடக் கூடாது. 69 என்றால் அந்த டயர் 325 கிலோ சுமை தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. புதிய டயரின் சுமை எண் பழையதைவிடக் குறையலாகாது. இறுதியாக, தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் டயரின் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். விற்காமல் கடையில் கிடந்த டயரும் முதுமையடையும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய கார் இருந்தால், ஒரு நாடாவும் பென்சிலும் கொண்டு போய் நான்கு சக்கரங்களையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்த வண்டியில் ஏறுபவரின் உயிரைத் தாங்குவது, தரையைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பர் நான்குதான்.