ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தாரா இந்தப் பிரசங்கியார்? தெரியுமா?

ஊருக்கு உபதேசம் எளிது. தான் நடந்து காட்டுவதுதான் கடினம்! ‘பிரசங்கம் செய்வது எப்படி’ என்று 1592இல் லத்தீனில் ஒரு புத்தகமே எழுதினார் வில்லியம் பெர்கின்ஸ் (1558–1602). கேம்பிரிட்ஜையே கட்டிப்போட்ட பியூரிட்டன் (திருச்சபைச் சீர்திருத்தம் கோரியவர்) பிரசங்கியார் அவர். தன் விதிகளைத் தானே கடைப்பிடித்தாரா? அசந்துபோவீர்கள்!

படித்ததை ஒளித்துவைக்கச் சொன்னவர், தெரியுமா?
வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் படி. மேடையில் கிரேக்கமும் லத்தீனும் உதிர்க்காதே! இது அவர் விதி. புரியாத சொல் வந்து விழுந்தால், முன்னே கேட்டதும் பின்னே வருவதும் கேட்பவர் மனதில் ஒட்டாது என்பது அவர் காரணம். செய்தாரா? செய்தார்! அவருடைய செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் பல்கலைக்கழகப் பண்டிதரும் கடைத்தெருக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். பண்டிதர் வியந்தார், பாமரருக்கும் விளங்கியது என்று எழுதிவைத்திருக்கிறார் வரலாற்றாசிரியர் தாமஸ் ஃபுல்லர்.

கேட்பவர்களில் ஏழு வகை, தெரியுமா?
எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்காதே என்றார் பெர்கின்ஸ். கேட்பவர்களை ஏழு வகையாகப் பிரித்தார். உணராதவனுக்கு முதலில் நியாயப்பிரமாணம், உடைந்த பிறகு சுவிசேஷம்! தூக்குமர ஏணியில் நடுங்கி நின்ற ஓர் இளைஞனை அவர் கீழே இறங்கச் சொன்ன சம்பவத்தை வாழ்க்கை வரலாற்றாசிரியர் சாமுவேல் கிளார்க் பதிவு செய்திருக்கிறார். கைகோத்து மண்டியிட்டு, முதலில் பாவத்தை உணர்த்தி ஜெபித்தார், அவன் கதறினான். பிறகு இரக்கத்தைச் சொல்லி ஜெபித்தார்; அவன் நிம்மதியோடு ஏணி ஏறினான். விதியில் எழுதிய அதே வரிசை!

குரலுக்கும் விதி, தெரியுமா?
போதிக்கும்போது நிதானம், புத்தி சொல்லும்போது வேகம் என்றார். ஆக்கினைத் தீர்ப்பைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை அவர் உச்சரித்தால், அது நெடுநேரம் காதில் ஒலித்ததாம்!

சந்தை வெளியில் பிரசங்கம், தெரியுமா?
கேம்பிரிட்ஜ் அருகே நடந்த புகழ்பெற்ற ஸ்டர்பிரிட்ஜ் சந்தையில், திறந்த வெளியில் அவர் செப்பனியா தீர்க்கதரிசியின் நூலை எடுத்துக்கொண்டார். வசனங்கள் இரண்டே! ‘சில போதனைகளே போதும்’ என்பது அவர் விதி. இங்கேயோ தாராளம் காட்டிவிட்டார். போதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீள்கின்றன. அதேபோல, கலாத்தியர் நிருபத்தின் ஐந்து அதிகாரங்களுக்கும் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டாரே!

மனப்பாடத்துக்கும் ஒரு வழி, தெரியுமா?
மனதில் விசித்திரப் படங்களை அடுக்கி நினைவில் நிறுத்தும் அந்தக் காலத்து உத்தியை அவர் கண்டித்தார். வசனம், பொருள், போதனை, வாழ்க்கைக்குப் பயன் என்ற ஒழுங்கே நினைவைத் தாங்கும் என்றார். தாங்கியது! அவர் பேசப்பேச வில்லியம் கிராஷா போன்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். அவர் மறைந்த பிறகு அவை புத்தகங்களாயின. சந்தைப் பிரசங்கம் 1605இல் அச்சேறியது!

சாவு மணி கேட்டு மகிழ்ந்த மாணவர், தெரியுமா?
பெர்கின்ஸுக்குச் சாவு மணி அடித்தபோது, தன் மனசாட்சியைக் குத்திய குரல் ஓய்ந்தது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தார் மாணவர் ஜான் காட்டன். அவரே பின்னாளில் அலங்காரங்களைத் துறந்து, எளிய நடைப் பிரசங்கியாராகி, 1633இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனார்!

சுருக்கத்தில் சறுக்கினாலும், எளிமையிலும் ஒழுங்கிலும் பெர்கின்ஸ் தன் சொல்லைக் காப்பாற்றினார். கேட்டவர்களின் குறிப்பேடுகளே அதற்குச் சாட்சி!