அண்ணா எதைப் பார்க்கிறார்?

உன்னிடம் ஒரு கேள்வி. 2016-ஆம் ஆண்டு. கபடிக் களத்தில் இருபது வயது வீரர்கள் துள்ளிப் பாடி வருகிறார்கள். அவர்களைப் பிடிக்க 41 வயதுக்காரர் நிற்கிறார். எப்படி முடியும்?

அவர் தர்மராஜ் சேரலாதன். நம் காவிரிப் பக்கத்துக்காரர்தான், தஞ்சாவூர் மாவட்டம். கபடி உலகம் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிடும். 2016-இல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக்கோப்பை இறுதியில் ஈரானை 38–29 என்று வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

    

கபடியில் புரோ லீக் வந்ததே 2014-இல்தான். அப்போது அண்ணாவுக்கு 39 வயது! பலர் ஓய்வு பெற்றுவிடும் வயது அது.

சரி, ரகசியத்துக்கு வருவோம். பாடி வருபவர் கையை ஆட்டுவார், கண்ணால் ஏமாற்றுவார். ஆனால் இடப்பக்கம் பாய வேண்டுமென்றால் வலது காலை ஊன்றி, தரையை வலப்பக்கமாகத் தள்ளியே ஆகவேண்டும். தரை அவரைத் திருப்பி இடப்பக்கம் தள்ளும். புரிகிறதா? சேற்று வரப்பில் ஓடும்போது சட்டென்று திரும்பிப் பார், வழுக்கிவிடும். கால் தள்ளுவதற்குப் பிடிமானம் இல்லை, அதனால்தான். அந்தப் பிடிமானத்தைத்தான் உராய்வு என்கிறோம்.

உடம்பின் எடைமையம் இடுப்புப் பக்கம் இருக்கிறது. கால் தரையைத் தள்ளாமல் அது திசை மாறாது. ஆகவே கை பொய் சொல்லலாம், இடுப்பால் முடியாது. ஊன்றும் காலையும் இடுப்பையும் கவனிப்பவருக்கு, அடுத்த பாய்ச்சல் எந்தப் பக்கம் என்று கண் இமைக்கும் நேரம் முன்னதாகவே தெரிந்துவிடும். கால் வேகம் குறைந்தாலும், பல ஆண்டு ஆடிய கண்ணுக்கு அந்த நேரம் போதும். 2019-இல், 44 வயதில், அண்ணா ஹரியானா அணிக்குத் தலைவராக ஆடினார்!

சாயங்காலம் தோழன் பாடி வரும்போது முகத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார். சிமெண்டுத் தரை மட்டும் வேண்டாம், மணலில் ஆடுங்கள்.