தை மாத இலையும் மரக்காணம் கல்லுப்பும்

இலையுதிர்கால ஓவியம் என்றாலே பயிற்சித்தாள்களில் மேப்பிள் இலையும் அக்டோபர் மாதமும்தான். திண்டிவனம்–மரக்காணம் சாலையிலுள்ள பிரம்மதேசத்தில் அக்டோபரில் மழைதான் கொட்டும், இலை கொட்டாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து உப்பளங்களில் பாத்தி சீர்செய்யும் தை, மாசிதான் இதற்குத் தோது. நாட்டு பாதாம் மரம் சிவந்து நிற்கும் நேரம் அது.

பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துப் போய், அன்றைக்கு விழுந்த இலையாகப் பொறுக்கச் சொல்லுங்கள். சருகு நொறுங்கிவிடும். பறிக்கவும் வேண்டாம். ஒரே இலையில் சிவப்பு, செம்பு, மஞ்சள் எல்லாம் கலந்திருக்கும். பச்சையம் சிதையும்போது மறைந்திருந்த மஞ்சள் தெரியவரும். சிவப்போ ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. மூன்றாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். கூடவே மஞ்சளாய்ப் பழுத்த பூவரசிலையும் எடுக்கலாம்.

இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும். அந்தப் பக்கம் மேலே வரும்படி மேசையில் வைத்து, மேலே டிராயிங் தாளை விரித்து, மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நுனியால் தேய்த்தால் தாள் கிழியும். இலையில் பார்த்த நிறங்களையே எடுக்கச் சொல்லுங்கள்; பச்சைக்குக் கை தானாகப் போகும், அதைக் கொஞ்சம் தடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு வாட்டர் கலரை நீர்க்கக் கரைத்துத் தாள் முழுக்கப் பூசுங்கள். மெழுகில் தண்ணீர் ஒட்டாது. நரம்பெல்லாம் பளிச்சென்று மேலே வரும்.

இனி உப்பு. பொறுமை வேண்டிய இடம் இதுதான். தண்ணீர் தேங்கி நிற்கும்போது போட்டால் உப்பு கரைந்துபோகும். காய்ந்தபின் போட்டால் ஒன்றும் நடக்காது. ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும் நொடியில் கல்லுப்பை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவ வேண்டும். ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்க, நிறம் நகர்ந்து வெளிர்ப்பூக்கள் விரியும். தூளுப்பில் பொடிப்புள்ளிதான் விழும். கைநிறைய அள்ளிக் கொட்டும் பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். கொட்டட்டும், அந்தப் படமும் பார்க்க நன்றாகவே இருக்கும். விரலில் வெட்டுக்காயம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு ஸ்பூன் கொடுத்துவிடுங்கள்.

கடற்காற்றில் காய நேரமெடுக்கும். அடுத்த நாள் வரை விட்டுவிடலாம். காய்ந்ததும் உப்பை முழுக்கத் தட்டி உதிர்த்துவிடுங்கள். அளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடு இருப்பதால், ஒட்டியிருக்கும் மிச்சம் ஈரம் இழுத்துப் படத்தைக் கசியவைக்கும். பிளாஸ்டிக் உறையில் போடாமல், காற்றாடக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள்.